பழுது தேடும் பயிற்சியும் கணிப்பொறித் தொகுதிகளும்

ஒரு கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகளை இயங்கச் செய்யலாம் என்னும் கருத்து நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். விஞ்ஞான நிலையத்தார், ஸிஸ்டம் 360 வரிசையைச் சேர்ந்த பொறி ஒன்றைத் திருத்தியமைத்து, அதனுள் 14 மெய்நிகர் யந்திரங்கள் வரை ஒரே சமயத்தில் இயங்குமாறு 1967-ஆம் ஆண்டில் செய்து காட்டினர். அவற்றுள் ஒன்றில் அமர்ந்து வேலை செய்தவருக்கு முழுப் பொறியும் தமக்கே உரியது என்னும் தோற்றம் கிட்டியது. பம்பாயில் அக்காலத்தில் கணிப்பொறி என்பதே அரும்பொருள். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் உருவாகி, 1960-இல் முழு அளவில் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் பொறியில் சுமார் 2,700 வெற்றிடக் குழல்கள் இருந்தன. குழல் ஒன்று கெட்டால், எது கெட்டது என்று தேடிக் காண வேண்டியவர்கள் அதைக் கட்டியவர்களே. பழுது தேடுதல் அவர்களுக்குத் தனி வேலையாக இருந்ததில்லை. பொறியை அறிந்து கொள்வதன் மறுபாதியாகவே அது இருந்தது.

இன்றைய மும்பையில் நிலைமை தலைகீழ். எட்டு கிகாபைட் நினைவகம் உள்ள ஒரு சாதாரண மடிக்கணிப்பொறியில் மூன்று மெய்நிகர் யந்திரங்களை நிறுவலாம். அம்மூன்றையும் ஒன்றாகக் கோத்து, ஒரு சிறு மேகத் தொகுதி போல இயக்கலாம். இதற்கு வேண்டிய லினக்ஸ், கேவிஎம், வர்ச்சுவல்பாக்ஸ், ஆன்சிபிள், குபெர்நெட்டீஸ் முதலிய திறமூல மென்பொருள்களுக்கு விலை இல்லை. 1887-இல் தொடங்கி 1923-இல் மாதுங்காவுக்கு வந்த தொழில்நுட்பக் கல்வி நிலையம் ஆகிய வி.ஜே.டி.ஐ. முதல், செம்பூரிலுள்ள பொறியியல் கல்லூரிகள் வரை, இத்துறையை நாடி வரும் மாணவர் ஏராளம். தாராவியின் குறுகிய சந்துகளிலிருந்து இக்கல்லூரிகளுக்கு நடந்தே வந்துவிடக்கூடிய மாணவர்களும் அவர்களுள் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கென வந்து குடியேறியவர்களின் பேரப் பிள்ளைகள், அதே சந்துகளில் இருந்துகொண்டு சேவையகங்களைப் பராமரிக்கும் வேலையைக் கற்க முடியும் என்பது சாதாரண மாறுதல் அன்று.

ஆனால் அந்தக் கல்வி நடைபெறும் முறையில் ஒரு பெருங்குறை உண்டு. பொதுவாகப் பொறியியல் ஆய்வுக்கூடங்களில் மாணவர்க்குக் கட்டளைகளின் வரிசை ஒன்று தரப்படுகிறது. அவற்றை முறையே தட்டச்சு செய்து, இறுதியில் எல்லாக் கணுக்களும் தயார் என்று திரையில் தோன்றினால் மதிப்பெண் கிடைக்கும். நடுவில் ஏதேனும் பிழை எழுந்தால், அது என்ன என்று ஆராய்வதற்கு நேரமும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஆகவே மாணவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் இது. மறுமுறை தற்செயலாகச் சரியாகிவிட்டால், பழுது எங்கே இருந்தது என்னும் அறிவு அந்தச் சாம்பலோடு போய்விடுகிறது.

இதில் பணச் செலவும் இல்லாமல் இல்லை. உபுண்டு லினக்ஸின் சேவையகப் பதிப்பு இரண்டு கிகாபைட்டுக்குக் குறையாதது. அதன்மேல் நிறுவ வேண்டிய பொதிகளையும் கொள்கலப் பிம்பங்களையும் மூன்று கணுக்களும் தனித்தனியே இறக்கிக் கொள்கின்றன. நாளொன்றுக்கு ஒன்றரை அல்லது இரண்டு கிகாபைட் என்று வரம்பிட்ட கைப்பேசி இணைப்பை நம்பியிருக்கும் வீட்டில், ஒரு முறை அழித்துத் தொடங்குவது என்றால் அன்றைய படிப்பு அத்துடன் முடிந்தது என்றே பொருள். நகரத்தின் வேறு பகுதியில், கண்ணாடியிழை இணைப்புள்ள வீட்டில் இருப்பவருக்கு அதே செயல் அரைமணி நேரத் தாமதம் மட்டுமே. பழுதைக் கண்டறியக் கற்பிக்காத கல்வி, வசதியற்றவரிடம் கூடுதல் கட்டணம் வசூலிக்கும் கல்வியாகிறது.

பழுதுகள் எத்தன்மையன?

இத்தொகுதிகளில் எழும் பழுதுகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பெரும்பாலானவை புதிரானவை அல்ல. அவை தோன்றும் இடம் ஒன்று, இருக்கும் இடம் வேறொன்று; அவ்வளவே.

முதற் படியிலேயே நிற்கும் பழுதை எடுத்துக்கொள்ளலாம். பொறிக்குள் பொறியை இயக்குவதற்கு மையச் செயலியின் உதவி தேவை. அதற்கான வசதியை இன்டெல் நிறுவனம் 2005-லும் ஏ.எம்.டி. நிறுவனம் 2006-லும் தம் செயலிகளில் சேர்த்தன. அதைப் பயன்படுத்தும் கேவிஎம் என்னும் பகுதி 2007 பிப்ரவரியில் லினக்ஸ் கருவின் அங்கமாயிற்று. ஆயினும் பல பொறிகளில் இவ்வசதி பயாஸ் அமைப்பில் மூடப்பட்டே கைக்கு வருகிறது. செயலியைப் பற்றிய விவரக் கோப்பில் வி.எம்.எக்ஸ். அல்லது எஸ்.வி.எம். என்னும் குறி இருக்கிறதா என்று பார்த்து, இருக்கிறது என்று அமைதி கொள்வோர் பலர். பழைய லினக்ஸ் கருக்களில் அக்குறி, வாயில் ஒன்று உண்டு என்பதை மட்டுமே கூறும். வாயில் திறந்திருக்கிறதா என்பதைக் கருவின் செய்திப் பதிவுதான் கூறும். பயாஸால் முடக்கப்பட்டுள்ளது என்னும் ஒரு வரி அங்கே பதிவாகியிருக்கும். அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் ஒரு மாலைப்பொழுது மிஞ்சியிருக்கும். விண்டோஸ் பொறிகளில் இதன் உறவுக்காரப் பழுது ஒன்று உண்டு. ஹைப்பர்-வி என்னும் மைக்ரோசாஃப்ட் ஏற்பாடு முன்னரே செயலியின் வசதியைத் தன் வசம் வைத்துக் கொண்டிருந்தால், வர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில் மெல்ல ஊர்ந்து செல்லும். அதைத் தெரிவிக்கச் சாளரத்தின் அடியில் ஓர் ஆமையின் படம் தோன்றும். அப்படத்தை வேடிக்கை என்று கருதிப் புறக்கணித்தவர்கள் அநேகர்.

அடுத்தது முகவரிப் பழுது. இதுவே இத்துறையில் மிகவும் போதனை நிறைந்தது என்று கூறலாம். வர்ச்சுவல்பாக்ஸ், ஒவ்வொரு மெய்நிகர் யந்திரத்தையும் தானே ஒரு சிறு வலையமைப்புக்குள் வைத்து, அதற்கு 10.0.2.15 என்னும் முகவரியைத் தருகிறது. மூன்று யந்திரங்கள் இருந்தால் மூன்றுக்கும் அதே முகவரிதான். மூன்றும் வெவ்வேறு அறைகளில் இருப்பதால் மோதல் இல்லை. மூன்றும் இணையத்தைத் தடையின்றி எட்டும். ஆகவே வலையமைப்பு நன்றாக இருக்கிறது என்று மாணவர் முடிவு கட்டுகிறார். இவற்றைக் குபெர்நெட்டீஸ் தொகுதியாகக் கோக்கும்போது, ஒவ்வொரு கணுவும் தன் முகவரி 10.0.2.15 என்றே அறிவிக்கிறது. ஒரே தெருவில் மூன்று வீடுகளுக்கும் ஒரே கதவு எண் எழுதிய கதையாகிறது. தொகுதி உருவானது போலத் தோன்றும். கணுக்கள் தயார் என்றும் காட்டும். ஆனால் ஒரு கணுவிலுள்ள கொள்கலன் மற்றொரு கணுவிலுள்ள கொள்கலனை அழைத்தால் பதில் வராது. கொள்கலத்தின் பதிவைப் பார்க்க முயன்றாலும் கிடைக்காது. இரண்டாவதாக ஒரு வலைப்பொருத்தியைச் சேர்த்து, 192.168.56 என்று தொடங்கும் முகவரிகளைத் தந்து, எந்தப் பொருத்தியின் முகவரியைத் தன்னுடையதாகக் கணு அறிவிக்க வேண்டும் என்பதையும், பிளானல் போன்ற வலை இணைப்பான் எதன் வழியே செல்ல வேண்டும் என்பதையும் வெளிப்படையாகக் குறித்தால் பழுது தீரும். தீர்வு இரண்டு வரிதான். ஆனால் அந்த இரண்டு வரியை எழுத வேண்டிய இடத்தை அடைவதற்குள், வலையமைப்பின் அடிப்படைகள் அனைத்தையும் மாணவர் ஒரு முறை நடந்து கடந்திருப்பார். பாடநூலின் மூன்று அதிகாரங்கள் செய்யாததை இந்த ஒரு பழுது செய்துவிடும்.

நகல் எடுப்பதனால் வரும் பழுதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஒரு மெய்நிகர் யந்திரத்தைச் செம்மையாக நிறுவி, அதை இரண்டு முறை நகல் எடுத்தால் வேலை குறையும் என்பது நியாயமான எண்ணம். ஆனால் ஒவ்வொரு லினக்ஸ் நிறுவலுக்கும் உரிய அடையாள எண் ஒன்று ஒரு கோப்பில் எழுதப்பட்டுள்ளது. நகலுடன் அதுவும் நகலாகிறது. உபுண்டுவின் பல பதிப்புகளில், முகவரி கேட்கும்போது இந்த அடையாளமே முன்வைக்கப்படுவதால், வலைப்பொருத்தியின் எண்ணை மாற்றிய பின்னும் மூன்று யந்திரங்களுக்கும் ஒரே முகவரி வந்து சேரும். முதற்கோணல் முற்றும் கோணல் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

கடிகாரப் பழுது வேறு வகை. மடிக்கணிப்பொறியை மூடி வைத்துவிட்டு மறுநாள் திறக்கும்போது, உள்ளே இருக்கும் மெய்நிகர் யந்திரம் நேற்றைய நேரத்திலேயே விழித்தெழக் கூடும். அதற்குப் புதிதாக வழங்கப்படும் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகும் காலத்தை அடையவில்லை என்று கூறி அது மற்றக் கணுக்களை நிராகரிக்கும். பிழைச் செய்தி சான்றிதழைப் பற்றியே பேசும்; மாணவர் சான்றிதழ்களை அழித்து மீண்டும் உண்டாக்குவார். எய்தவன் இருக்க அம்பை நோவதில் பயன் இல்லை. கடிகாரங்களை ஒத்திசைக்கும் சேவை ஓடுகிறதா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிட்டால் போதும். வட்டிலிருந்து நினைவகத்தை இரவல் பெறும் ஏற்பாடு இயங்கிக் கொண்டிருந்தால், தனி அனுமதி தரப்பட்டாலன்றிக் குபெர்நெட்டீஸின் கணுப் பொறுப்பாளர் தொடங்க மறுக்கும். கொள்கலன்களை இயக்கும் பகுதியும் கணுப் பொறுப்பாளரும் வளங்களைப் பங்கிட வெவ்வேறு முறைகளைப் பின்பற்றினால், சில நிமிடங்களுக்கு ஒரு முறை எல்லாம் விழுந்து எழும். பழைய சுழல் வட்டில் மூன்று யந்திரங்களும் ஒருங்கே எழுதினால், தொகுதியின் நினைவேடான எட்சிடி திணறித் தலைமை மாறிக்கொண்டே இருக்கும்.

பழைய வழிகாட்டிகள்

திறமூல உலகில் மற்றொரு தொல்லையும் உண்டு. வழிகாட்டிகள் விரைவில் மூப்படைந்துவிடுகின்றன. குபெர்நெட்டீஸ் 2014-இல் அறிவிக்கப்பட்டு 2015 ஜூலையில் முதற் பதிப்பாக வெளிவந்தது. 2022-இல் வெளியான 1.24 பதிப்பில், டாக்கருடன் நேரடியாகப் பேசும் இணைப்பு நீக்கப்பட்டது. அதன் பொதிகள் இருந்த பழைய களஞ்சியம் 2023 செப்டம்பரில் உறைநிலைக்கு வந்து, 2024 மார்ச்சில் அகற்றப்பட்டது. வர்ச்சுவல்பாக்ஸ் 2021-இல் வெளியிட்ட 6.1.28 பதிப்பு முதல், உள்வலை முகவரிகளுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. சென்ட்ஓஎஸ் 7 என்னும் லினக்ஸ் பதிப்பின் ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. இத்தேதிகளுக்கு முற்பட்ட குறிப்பேட்டை வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் அமரும் மாணவர், தம் மீது ஒரு தவறும் இல்லாமலே தோற்கிறார். அவருடைய குறிப்பேட்டின் முதற் பக்கத்தில், அது எந்தப் பதிப்புகளுக்கு எந்த மாதத்தில் எழுதப்பட்டது என்று அச்சிட்டிருந்தால் பாதித் துன்பம் தவிர்க்கப்பட்டிருக்கும்.

திறமூலம் என்னும் பெயரும் நிலையானதன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மெய்நிகர் யந்திரங்களை எழுத்துக் கட்டளைகளால் உண்டாக்கும் வேக்ரண்ட் கருவி பல ஆண்டுகள் திறமூலமாக இருந்தது. அதை உடைய ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் தன் கருவிகளின் உரிமத்தை மாற்றிக்கொண்டது. அந்நிறுவனத்தின் டெர்ராஃபார்ம் கருவியைப் பயன்படுத்தியோர் பழைய உரிமத்தில் இருந்த நிரலை எடுத்து ஓப்பன்டோஃபு என்னும் பெயரில் தொடர்ந்தனர். மாணவர் வீட்டில் பயன்படுத்துவதற்கு இதனால் தடை ஏதும் இல்லை என்றாலும், அரசு நிறுவனங்கள் பாடத்திட்டத்தில் ஒரு கருவியைப் பெயர் சொல்லி எழுதும்போது அதன் உரிமத்தையும் பார்க்க வேண்டும். இந்திய அரசு 2015-இல் வெளியிட்ட திறமூல மென்பொருள் கொள்கை அத்தகைய கவனத்தையே எதிர்பார்க்கிறது.

டிராம்பேயின் முன்மாதிரி

செம்பூருக்கு அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணுசக்தி ஆராய்ச்சி நிலையம் இவ்விஷயத்தில் நல்லதொரு முன்மாதிரி. வல்லமை மிக்க கணிப்பொறிகளை மேலைநாடுகள் இந்தியாவுக்கு விற்கத் தயங்கிய காலத்தில், சிறு செயலிகள் பலவற்றை ஒருங்கிணைத்து வேலை வாங்கும் அனுபம் என்னும் இணைக்கணிப்பொறியை அந்நிலையத்தின் விஞ்ஞானிகள் 1991-இல் தொடங்கினர். இன்டெல் ஐ-860 செயலிகளுடன் தொடங்கிய அவ்வரிசை, பின்னர் கடைகளில் கிடைக்கும் பென்டியம் பொறிகளையும் லினக்ஸையும் கொண்டு வளர்ந்தது. தொகுதி என்பது விலைக்கு வாங்கும் பெட்டி அன்று. கோத்துக் கட்டிப் பழுது பார்த்துப் பழகும் அமைப்பு என்பதை அது நிரூபித்தது.

அதன் பயன் எதிர்பாராத இடத்தில் வெளிப்பட்டது. ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிறுவனமான செர்ன், தன் மாபெரும் துகள் மோதலகத்தின் தரவுகளை ஆராய உலகெங்கும் பரந்த கணிப்பொறி வலைக்கட்டம் ஒன்றை நிறுவியபோது, அதன் மென்பொருளின் சில பகுதிகளைச் செய்து தந்தவர்களுள் டிராம்பே பொறியாளர்களும் இருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் குறிப்பிடத்தக்கவை இரண்டு. ஒன்று, வலைக்கட்டத்தின் போக்குவரத்தையும் சேவைகளின் நிலையையும் படமாகக் காட்டும் கிரிட்வியூ. மற்றொன்று, எங்கே என்ன பழுது எழுந்தது, யார் அதைப் பார்க்கிறார், எப்போது தீர்ந்தது என்று பதியும் சிவா என்னும் பழுதுப் பதிவேடு. உலகின் மிகப் பெரிய அறிவியல் தொகுதிகளுள் ஒன்றுக்கு மும்பையிலிருந்து சென்ற பங்களிப்புகளில், பழுதைக் காட்டுவதும் பழுதைப் பதிவதும் அடங்கியிருந்தன என்பதை மும்பையின் கல்லூரிகள் கவனிக்க வேண்டும். செர்ன் நிறுவனம் 2013 முதல் ஓப்பன்ஸ்டாக் என்னும் திறமூல மேகத்தில் தன் மெய்நிகர் யந்திரங்களை இயக்கி வருகிறது. இந்தியா 2017 ஜனவரியில் அந்நிறுவனத்தின் இணை உறுப்பு நாடாயிற்று. கொலாபாவிலுள்ள டாட்டா நிலையம் அவ்வலைக்கட்டத்தின் இரண்டாம் நிலை மையம் ஒன்றை நடத்துகிறது.

வாடகை மேகம் போதாதா?

இக்கருத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதைத் தட்டிக் கழிப்பது முறையாகாது. பெரிய வணிக மேக நிறுவனங்கள் மும்பையிலேயே தம் மையங்களை நிறுவியுள்ளன. அமேசான் 2016-லும் கூகுள் 2017-லும் இந்நகரத்தில் மேகச் சேவை தொடங்கின. சில நிமிடங்களில் முழுமையான தொகுதி ஒன்றை அங்கே வாடகைக்குப் பெறலாம். வேலை தரும் நிறுவனங்கள் கேட்பதும் அத்திறமையைத்தான். அப்படியிருக்க, பழைய பொறிகளைக் கட்டி அழுவானேன் என்று கேட்போர் மூடர் அல்லர்.

அவர்கள் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. தொழிலுக்குச் செல்லும் மாணவர் வாடகை மேகத்தைக் கட்டாயம் பழக வேண்டும். ஆனால் முதற் பாடம் அதுவாக இருத்தல் ஆகாது. நிர்வகிக்கப்பட்ட தொகுதி என்னும் சேவையில் மேற்சொன்ன முகவரி, கடிகாரம், சான்றிதழ், நினைவேடு முதலியவை அனைத்தும் திரைக்குப் பின்னால் இருக்கின்றன. அவை கெடும்போது காண்பதற்கு மாணவருக்கு அனுமதி இல்லை. கெடாதபோது அவை உண்டென்றே அவர் அறியார். மேலும் வாடகை மேகத்தில் கணக்குத் தொடங்கப் பெரும்பாலும் வங்கி அட்டை தேவை. இலவச வரம்பு முடிந்தபின் அணைக்க மறந்த யந்திரம் இரவெல்லாம் கட்டணத்தை ஏற்றிக் கொண்டிருக்கும். தந்தையின் அட்டையில் எழும் அந்தத் தொகை, தாராவியிலோ செம்பூர்க் குடிசைப் பகுதியிலோ ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கைக் குலைக்க வல்லது. அவ்வச்சத்துடன் ஒருவர் பரிசோதனை செய்ய இயலாது. பரிசோதனை என்பது கெடுத்துப் பார்க்கும் சுதந்திரம்.

அரசுத் தரப்பிலும் முயற்சிகள் உள்ளன. தேசிய தகவலியல் மையத்தின் வழியே 2014-இல் தொடங்கிய மேகராஜ் ஏற்பாடு அரசுத் துறைகளின் தேவைக்கானது. உயர்நிலைக் கணிப்பியல் வளர்ச்சி மையமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய மேகதூத் திறமூலக் கருவிகளாலேயே ஆனது. தில்லி ஐ.ஐ.டி. தன் மாணவர்க்கென பாதல் என்னும் மேகத்தைக் கேவிஎம் மீது கட்டிக்கொண்டது. இவ்வகை மேகத்தில் ஒரு சிறு பங்கேனும் நகரத்தின் சாதாரணக் கல்லூரிகளுக்கும் மாலைப் பள்ளிகளுக்கும் திறந்துவிடப்பட வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

இன்னொன்றும் கூறத் தகும். ஒரு சிறு கடையின் கணக்கையோ ஒரு பள்ளியின் வருகைப் பதிவையோ நடத்தக் குபெர்நெட்டீஸ் தொகுதி வேண்டுவதில்லை. ஒரு நல்ல பொறியும் நாள்தோறும் எடுக்கும் காப்பு நகலும் போதும். தொகுதி எங்கே தேவை, எங்கே வீண் ஆடம்பரம் என்று சொல்லத் தெரிவதும் இக்கல்வியின் ஒரு பகுதியே. 2020 அக்டோபர் 12 காலையில் மும்பை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. மூன்று நினைவேட்டுக் கணுக்களில் ஒன்று போனாலும் தொகுதி பிழைக்கும், ஐந்தில் இரண்டு போனாலும் பிழைக்கும் என்று பாடம் கூறும். அம்மூன்றும் ஒரே மேசையில், ஒரே மின்செருகியில் இருந்தால் அக்கணக்குக்குப் பொருள் இல்லை என்பதை அன்றைய காலை சொல்லிக் கொடுத்தது.

செய்யத்தக்கவை

தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர் பயிற்சி பெறுவோர்க்குப் பழுதுள்ள மின்சுற்றைத் தந்து, பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்வது பழைய வழக்கம். பொறியியல் கல்லூரிகளின் மேகக் கணிமைத் தேர்வும் அவ்வாறு அமையலாம். நல்ல நிலையிலுள்ள தொகுதி ஒன்றில் ஆசிரியர் வேண்டுமென்றே ஒரு பழுதை வைக்க வேண்டும்: கடிகாரத்தை ஒரு நாள் பின்னே தள்ளலாம், 6443 என்னும் வாயிலை மூடிவிடலாம், பெயர் தேடும் சேவையின் முகவரியை மாற்றலாம். ஒரு மணி நேரத்தில் மாணவர் எதைக் கண்டார், எதை ஐயுற்றார், எதைச் சோதித்தார், விடை என்ன வந்தது என்று வரிசையாக எழுத வேண்டும். பழுதைக் கண்டுபிடிக்காவிட்டாலும், நான்கு காரணங்களை முறையாக நீக்கியவருக்கு மதிப்பெண் உண்டு. தற்செயலாகச் சரிசெய்துவிட்டு, ஏன் சரியாயிற்று என்று எழுதத் தெரியாதவருக்குக் குறைவாகவே உண்டு. தாராவியின் பட்டறைகளில் தையல் யந்திரத்தைப் பழுது பார்ப்பவர் முதலில் ஓசையைக் கேட்கிறார். முழு யந்திரத்தையும் கழற்றிவிட்டுத் தொடங்குவதில்லை.

எழுதும் மொழியும் கவனிக்கத்தக்கது. பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் வருகின்றன. அதை மாற்ற இயலாது, மாற்ற வேண்டியதும் இல்லை. ஆனால் அச்செய்தி என்ன கூறுகிறது, எங்கே தேட வேண்டும் என்னும் விளக்கம் தமிழிலும் மராத்தியிலும் இருக்கலாம். பவாயிலுள்ள மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், லினக்ஸ் முதலிய திறமூல மென்பொருள்களைச் சுமார் பத்து நிமிட ஒலி-ஒளிப் பாடங்களாக்கி, தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் வழங்கிவருகிறது. அப்பாடங்கள் சரியாக நடப்பதைக் காட்டுபவை. தவறாக நடப்பதையும், தவறிலிருந்து மீள்வதையும் காட்டும் வரிசை ஒன்றை அதே முறையில் அமைத்தால், 10.0.2.15 பழுதுக்கு ஒரு பத்து நிமிடம், நகல் பழுதுக்கு ஒரு பத்து நிமிடம் என்று நாற்பது ஐம்பது பாடங்களில் இத்துறையின் அன்றாடத் தொல்லைகளுள் பெரும்பகுதியை அடக்கிவிடலாம்.

பொறிகளுக்கும் வழி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்க இயலாத பழைய மேசைக் கணிப்பொறிகளை அலுவலகங்கள் கழித்துக்கட்டி வருகின்றன. அவற்றில் பல, எட்டு கிகாபைட் நினைவகத்துடன் லினக்ஸை நன்றாகவே இயக்க வல்லவை. லாமிங்டன் சாலைக் கடைகளுக்கோ உடைப்பவர்களிடமோ செல்வதற்கு முன், மத்திய அரசு அலுவலகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் அவற்றில் ஒரு பகுதியைத் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளின் நூலகங்களுக்கும் மாலைப் பள்ளிகளுக்கும் தரலாம். வட்டுகளைத் துடைத்துத் தரும் பொறுப்பு அலுவலகத்தைச் சேர்ந்தது. ஐந்து பொறிகளும் ஒரு வலைப் பொருத்துப் பெட்டியும் இருந்தால் ஒரு தொகுதி ஆயிற்று. பொறி ஒன்றுக்கு 50 வாட் என்று கொண்டால், நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு இரண்டு யூனிட் மின்சாரம். ஐந்தாவது பொறியைப் பொதிகளையும் கொள்கலப் பிம்பங்களையும் சேமித்து வைக்கும் உள்ளூர்க் களஞ்சியமாக அமைத்தால், எத்தனை முறை அழித்துத் தொடங்கினாலும் எந்த மாணவரின் கைப்பேசி இணைப்பும் கரையாது. அதன் அருகில் கோடிட்ட தடித்த நோட்டு ஒன்றும், கயிற்றில் கட்டிய பேனாவும் இருக்க வேண்டும்: தேதி, பதிப்பு எண்கள், பிழைச் செய்தி, சோதித்தவை, கண்ட காரணம் என்று ஐந்து பத்திகளுடன்.